காஜா, பட்டன் மட்டும் பாக்கி

அந்தத் தெருவில் தையல்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நாளைக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். “நாளைக்குகிட்ட ரெண்டு சட்டை குடுத்திருக்கேன். பையன் வளர்றதுக்குள்ள வந்துடும்னு நினைக்கிறேன்” என்பது பஸ் நிறுத்தத்தில் சர்வசாதாரணமாகக் காதில் விழுகிற பேச்சு. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்த்து “என்னப்பா?” என்பார். ரோஷம் கெட்ட மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். ரோஷமெல்லாம் வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் இருபத்தெட்டு வருஷமாக ஒரு துணியையும் சொன்ன நாளில் கொடுக்காதவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபித்துக்கொள்வார்?

வேலை சுத்தம். அவர் தைத்த சட்டை தோளில் வந்து உட்காரும் அழகுக்காகவே ஜனங்கள் திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப வந்தார்கள். வாய்தான் சுத்தமில்லை. “வெட்டியாச்சு” என்று அவர் சொன்னால் துணி இன்னும் பையை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். “தைச்சாச்சு” என்றால் வெட்டலாமா என்று யோசிக்கிறார். “முடிஞ்சிருச்சு, காஜா, பட்டன் மட்டும்தான் பாக்கி” என்றால் பையை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். பட்டன் நுழைகிற துளைக்குத் தையல்காரர்கள் வைத்திருக்கிற பெயர் காஜா. அந்தத் துளையைச் சொல்லியே அவர் ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூடக் கிடையாது. வாசலில் ஆள் நிழல் தெரிந்தாலே அந்த வாக்கியம் தானாக வந்துவிடும்.

அதுதான் ஒருநாள் அவரை வசமாக மாட்டிவிட்டது.

தையல்காரருக்குக் கதை எழுதுகிற கிறுக்கு இருந்தது. ஆர்டர் எழுதுகிற நீளமான நோட்டின் பின்பக்கங்களில் எழுதுவார். மூன்று கதைகள் ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தன. தெருவில் ஒருவரும் படிக்கவில்லை. ஆனால் பெரிய நகரத்தில் இரண்டு அறையில் பதிப்பகம் நடத்துகிற ஒரு அம்மா படித்திருக்கிறார். வருஷத்துக்கு ஆறே ஆறு புத்தகம் போடுகிறவர். எங்கிருந்தோ நம்பரைக் கண்டுபிடித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்குப் போன் செய்தார்.

“உங்க கதை மூணும் படிச்சேன் சார். நாவல் ஏதும் வச்சிருக்கீங்களா?”

கேள்வி காதில் விழுந்ததுதான் தாமதம், வாய் தன் வேலையைப் பார்த்தது. “இருக்கும்மா. முடிஞ்சிருச்சு. காஜா, பட்டன் மட்டும்தான் பாக்கி.”

அந்த அம்மா சிரித்தார். எழுத்தாளர் நயமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார், பாவம். “அப்ப இந்த வருஷத்தோட ஆறாவது புத்தகம் உங்களோடதுதான். பத்து வாரம் தர்றேன். போதுமா?”

“தாராளமா.”

போனை வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாவலில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது மிஷினில் மனைவி ஒரு பேண்ட்டுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். வெட்டுவது அவர், தைப்பதில் முக்கால்வாசி மனைவி, பொய் சொல்வது இருவரும் என்று அந்தக் கடையில் வேலை பிரிந்திருந்தது. அவர் சோம்பிப் போய் உள்ளே ஒளிந்துகொள்ள, மனைவிதான் கவுண்டரில் நின்று “நாளைக்கு வாங்க” என்று சொல்ல வேண்டியிருக்கும்.

“யாரு போன்ல?” என்றார் மனைவி.

“ஒரு ஆர்டர்.”

“என்ன ஆர்டர்?”

“நாவல்.”

“அதுக்கு எத்தனை மீட்டர் வேணும்?” என்று கேட்டுவிட்டு மனைவி மறுபடி பெடலை மிதித்தார்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரி எழுதவில்லையே தவிர, நாவல் அவருக்குள் பத்தொன்பது வருஷமாகக் கிடந்தது. மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பள்ளி நாடகத்தில் அவள்தான் ராணி. நீல கவுன் வேண்டும் என்றாள். துணியும் வந்துவிட்டது. அப்பா பத்து நாளாக “நாளைக்குடா கண்ணு” என்றார். நாடகத்தன்று காலையில் துணி வெட்டியபடியே மேஜையில் கிடந்தது. பிள்ளை யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அழவில்லை, சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் எதையும் தைக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வளர்ந்தாள், படித்தாள், வேறு நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலைக்குப் போனாள். கல்யாணத்துக்குக்கூட ரெடிமேட் துணிதான் வாங்கிக்கொண்டாள். தையல்காரர் மகள்! வந்தவர்கள் எல்லோரும் “அப்பா தைச்சதா?” என்று கேட்டார்கள். அவர் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்றால், எந்த வாயால் கேட்பது? அந்த வாய் ஊருக்கெல்லாம் என்ன சொன்னது என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் அவள். அதனால்தான் எழுத நினைத்தார். அச்சில் வந்த ஒரு புத்தகமாக, அட்டை போட்டு, அதை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். பத்து வாரத்தில் அது நடக்கும் என்று இப்போது யாரோ ஒரு அம்மா போனில் சொல்லியிருக்கிறார். மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதல் இரண்டு வாரம் சும்மா சொல்லக்கூடாது, பிய்த்து உதறினார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, வெட்டுகிற மேஜையில் நின்றபடி எழுதுவார். உட்கார்ந்து எழுத வராது. வாழ்நாள் முழுக்க நின்றே வெட்டிய உடம்பு. ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது ஆறு பக்கம், ஏழு பக்கம் சேர்ந்திருக்கும். வாடிக்கையாளர்கள் வந்தால் “நாளைக்கு” என்று நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வார். ஆறு அத்தியாயம் முடிந்தது. தெருவில் நடக்கிறபோது நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்தது.

எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டுவார். மனைவி தையலை நிறுத்திக்கொண்டு கேட்கிற ரகம் இல்லை. மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், இவர் சத்தத்தை மீறிப் படிக்க வேண்டும். நல்ல இடம் வந்தால் மனைவியின் கால் பெடலில் நின்றுவிடும். அதுதான் விமர்சனம். வாயால் கேட்டால் “ம், நல்லாத்தான் இருக்கு” என்பார், அதற்கு மதிப்பில்லை. முதல் ஆறு அத்தியாயத்தில் மிஷின் ஒன்பது தடவை நின்றது. அவர் எண்ணி வைத்திருந்தார்.

நான்காவது வாரம் கதை கண்ணாமூச்சி காட்ட ஆரம்பித்தது. நாவலில் வருகிற தையல்காரன் தன் கடையை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்றான். அவனை வெளியே இழுத்து வர இவர் படாத பாடு பட்டார். தெரு முனை வரை போய்த் திரும்புவார், மறுபடி போவார். நூல் உருண்டைகளை நிறவாரியாக அடுக்குவார். அடுக்கியது சரியில்லை என்று பருமன்வாரியாக மாற்றுவார். கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போடுவார். ஒருநாள் காலையில் நான்கு மணி நேரம் நின்று எழுதியது மொத்தம் ஒரே வாக்கியம்: ‘அவன் கதவைத் திறந்தான்.’ மத்தியானம் அதையும் அடித்துவிட்டார். எட்டாவது அத்தியாயத்தைப் படித்துக் காட்டினால் மிஷின் நிற்காமல் ஓடியது. பாதியில் மனைவி நூல் மாற்றினார், அவ்வளவுதான்.

“என்ன, பிடிக்கலையா?”

“படிங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“கேட்டுட்டு இருக்குறவ நூலை மாத்துவியா?”

“நூல் தீர்ந்துடுச்சுங்க. அதுக்கு நான் என்ன பண்ண?”

அவர் நோட்டை மேஜைமேல் வீசிவிட்டுத் தெரு முனைக்குப் போனார்.

ஆறாவது வாரம் பதிப்பாளர் அம்மா மறுபடி போன் செய்தார். நம்பரைப் பார்த்ததும் தையல்காரர் முழி பிதுங்கி, போனை மனைவி கையில் திணித்து, விரல்களைக் குவித்து சைகை காட்டினார். காஜா, பட்டன் என்று சொல்லு என்பதற்கான சைகை. இருபத்தெட்டு வருஷமாகப் பழகிய சைகை.

மனைவி போனைக் காதில் வைத்தார். “வணக்கம்மா. நான் அவரோட வீட்டுக்காரிதான். நாவலா? பாதிகூட எழுதலம்மா. ஆமா. மொத நாள் நீங்க கேட்டப்ப ஒரு வரிகூட எழுதி வச்சிருக்கல. சும்மா சொன்னாரு.”

தையல்காரர் ஒரே எட்டில் வந்தார். போனைப் பிடுங்கினார். பதிப்பாளர் அம்மா மெதுவாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

“சார், நான் பெரிய கம்பெனி இல்ல. ஆறு புத்தகத்துல ஒண்ணு வராட்டி எனக்கு ரொம்பக் கஷ்டம். அடுத்த வருஷம் இந்தப் பதிப்பகம் இருக்குமான்னே எனக்குத் தெரியாது. பதினெட்டாம் தேதி காலைல பதினோரு மணிக்கு நானே உங்க கடைக்கு வர்றேன். முடிஞ்சிருந்தா வாங்கிட்டுப் போறேன். இல்லேன்னா அந்த இடத்துல வேற புத்தகம் போயிடும். அதுக்கப்புறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது.”

போனை வைத்ததும் மனைவி மேல் பாய்ந்தார். “உனக்கு என்ன பைத்தியமா? ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவே?”

“கொறஞ்சுதான் போயிட்டேன்” என்றார் மனைவி. “இத்தனை வருஷம் உங்க பொய்யைக் கவுண்டர்ல நின்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் என்னைத்தான் மூஞ்சில அடிச்ச மாதிரி பாத்துட்டுப் போனாங்க. துணிக்குச் சொன்னேன். நம்ம புள்ள கதைக்குச் சொல்ல மாட்டேன்.”

இரண்டு நாள் மனைவியோடு பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் எழுதியதைப் படித்துக் காட்ட வேறு ஆள் இல்லாததால் பேசினார்.

பயம் வந்ததும் எழுத்து வேகமெடுத்தது. நாவலில் அந்தத் தையல்காரன் ஒருவழியாகக் கடையை விட்டு வெளியே வந்தான். எழுதி முடித்த அத்தியாயங்களைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷர், ஆனால் அபிப்பிராயம் சொல்லாமல் ஒரு வரி அடிக்க மாட்டார். “அண்ணே, அந்தப் பொண்ணோட சித்தப்பாவை ஏன் இப்படித் திட்டுறீங்க? என் சித்தப்பா மாதிரியே இருக்காரு.” “அண்ணே, மழை ரொம்ப பெய்யுதுண்ணே, மூணு அத்தியாயமா.” எட்டாவது வாரம் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

“அண்ணே, பதினாறாம் அத்தியாயம். பொண்ணு, ‘எப்பப்பா தருவீங்க?’ன்னு கேக்குது. அதுக்கு அப்பா, ‘மார்பு இருபத்தாறு, உயரம் முப்பத்திரண்டு, பஃப் கை, மஞ்சள், பதினெட்டாம் தேதி’ங்கிறாரு. இது நவீன இலக்கியமா, இல்ல தப்பா?”

தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நாவலும் ஆர்டரும் ஒரே நோட்டு. எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ வந்திருக்கிறார்கள். அளவெடுத்து, பேனா நின்ற வரியிலேயே குறித்துவிட்டு, பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்திருக்கிறார். “அதை எடுத்துடுப்பா” என்றார். யாருடைய அளவு என்று யோசிக்கவில்லை. அப்போது அவர் மனசு பதினேழாம் அத்தியாயத்தில் இருந்தது.

பத்தாம் வாரம், பதினான்காம் தேதி காலை, நாவலை முடித்துவிட்டார். நாலு நாள் மிச்சம்! இருபது அத்தியாயம். கடைசியில் நாவலின் தையல்காரன் கவுனைத் தைத்து முடித்து, சைக்கிளை மிதித்துப் பறந்து, திரை விலகுகிற நேரத்தில் மகள் கையில் கொடுக்கிறான். மகள் ராணியாக மேடைக்கு வருகிறாள். எழுதியதை அவரே இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார். தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார், “முடிச்சிட்டேன்பா, நாலு நாள் முன்னாடியே.” ஒருவரும் நம்பவில்லை. “பட்டன் வச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் கடைசி மூன்று அத்தியாயத்தையும் மனைவிக்குப் படித்தார். சைக்கிள் வருகிற இடத்தில் குரலைக் கூட்டினார். மிஷின் நிற்கவில்லை. திரை விலகியது. மிஷின் இன்னும் வேகமாக ஓடியது. அவர் நோட்டை மூடினார்.

“இதுக்குமா காலை நிறுத்த மாட்டே?”

மனைவி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பொய்க்கு எதுக்கு நிறுத்தணும்?”

“கதைன்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.”

“அப்படியா? அன்னிக்கு அவ என்ன பண்ணான்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் விழித்தார்.

“யூனிஃபார்ம்ல போனதும் டீச்சர் வேற பிள்ளைக்கு ராணி வேஷத்தைக் குடுத்துட்டாங்க. இவளைத் திரைக்கயிறு பிடிக்கச் சொன்னாங்க. ரெண்டு மணி நேரம், ஒவ்வொரு காட்சிக்கும் கயிறை இழுத்துத் தெறந்தா, இழுத்து மூடினா. நான் கீழ உக்காந்து அவ கையை மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து உள்ளங்கைக்கு எண்ணெய் போட்டு விட்டேன். தோல் உரிஞ்சு போயிருந்தது.”

“நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா?”

பத்தொன்பது வருஷமாகக் கேட்கவில்லை. தைக்காததை மட்டுமே நினைத்து நினைத்து வருந்தியவருக்கு, அன்று அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்கத் தோன்றவே இல்லை. அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. சைக்கிளில் பறந்து வருகிற அந்த அப்பனை மகள் கையில் கொடுத்தால் என்ன நினைப்பாள்? அப்பா இன்னும் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாள். கடைசி மூன்று அத்தியாயம், நாற்பத்திரண்டு பக்கம். கிழித்துப் போட்டார்.

பிறகு என்ன, ஓட்டம்தான். பதினைந்து, பதினாறு, பதினேழு. கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்துக்கொண்டு எழுதினார். மனைவி வாசலில் நின்று, கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னார், “அவரு நாவல் எழுதுறாரு, உங்க பேண்ட்டைத் தொடக்கூட இல்ல.” இரண்டு பேர் கோபித்துக்கொண்டு துணியை வாங்கிப் போனார்கள். பதினெட்டாவது அத்தியாயம் முடிந்தது, பத்தொன்பதும் முடிந்தது. பத்தொன்பதைப் படித்தபோது மிஷின் ஓடவே இல்லை. மனைவி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மிச்சம் ஒன்றே ஒன்று, பிள்ளை கயிறைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அத்தியாயம்.

பதினெட்டாம் தேதி காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தார். எல்லாம் சரியாக வந்தது. ஒன்பது மணிக்கு முக்கால்வாசி முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும், ஜெராக்ஸ் கடைக்காரர் உடனே அடித்துக் கொடுத்துவிடுவார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் ஒன்றை முடிக்கப் போகிறார்.

பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு அம்மாவும் ஒரு சிறுமியும் உள்ளே வந்தார்கள். பாங்க்கில் வேலை பார்க்கிற அம்மா, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. சிறுமிக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். யூனிஃபார்ம் போட்டிருந்தாள்.

“கவுன் வாங்க வந்தோம் டெய்லர். மஞ்சள் கவுன். இன்னிக்கு ஒரு மணிக்கு இவளுக்கு ஸ்கூல்ல நாடகம்.”

“எந்தக் கவுன்?” என்றவருக்கு அடுத்த நொடியே ஜெராக்ஸ் கடைக்காரர் படித்துக் காட்டிய வரி ஞாபகம் வந்தது. மார்பு இருபத்தாறு. உயரம் முப்பத்திரண்டு. பஃப் கை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பை இருந்தது. பிரிக்கவே இல்லை.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “என்ன டெய்லர் இது? பதினெட்டாம் தேதி கண்டிப்பான்னு நீங்கதானே சொன்னீங்க? நான் வேற கடைக்காவது குடுத்திருப்பேனே! இப்ப நான் எங்க போவேன்?”

சிறுமி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு தையல்காரரைப் பார்த்துச் சொன்னாள், “எனக்கு ரெண்டே ரெண்டு வசனம்தான் அங்கிள். யூனிஃபார்ம்லகூட நிக்கலாம். பரவால்ல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பெரியவர்கள் சங்கடப்படக் கூடாதே என்று ஒரு பிள்ளை ‘பரவால்ல’ என்று சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை.

மனைவியைப் பார்த்தார். பஃப் கையும் கழுத்தும் வெட்ட மனைவிக்கு வராது. இவர்தான் வெட்ட வேண்டும், இருவரும் சேர்ந்து தைக்க வேண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும். பதிப்பாளர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

“அம்மா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் தர முடியுமா? நாளைக்கு...” என்று ஆரம்பித்து, அந்த வார்த்தை வந்ததும் அவருக்கே கூசியது.

“சார், பஸ்ல வந்துட்டு இருக்கேன். பன்னண்டு மணிக்கு அச்சகத்துக்கு ஃபைல் போகணும். அங்க மிஷினைக் காலியா நிறுத்தி வச்சிருக்காங்க. நாளைங்கிறது இல்ல.”

போனை வைத்தார். மேஜைமேல் நோட்டு திறந்து கிடந்தது. பாதி வாக்கியம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். புத்தகம், அட்டை, மகள் கையில் அதைக் கொடுக்கிற நாள், எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது. விட்டுவிட மனசே வரவில்லை. உள்ளுக்குள் கதறியது. எழுதிவிடு, யாரோ ஒரு பிள்ளை, ரெடிமேட் கிடைக்கும், எழுதிவிடு. பிறகு நோட்டை மூடி எடுத்து நூல் அலமாரிமேல் வைத்துவிட்டு, மஞ்சள் துணியை மேஜையில் விரித்தார்.

“நீங்க வேலைக்குப் போங்கம்மா” என்றார் அந்த அம்மாவிடம். “பாப்பா இங்க இருக்கட்டும். பன்னண்டரைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க.”

“எனக்கு நம்பிக்கை இல்ல டெய்லர்.”

“சரிதான். அப்ப நீங்களும் உக்காருங்க.”

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவே இல்லை.

ஒன்பதேகாலுக்குக் கத்தரிக்கோல் துணியில் இறங்கியது. பத்தேகாலுக்கு வெட்டி முடித்தார். மனைவி கையைத் தைக்க, இவர் உடம்பைத் தைத்தார். இரண்டு மிஷின்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. பதினோரு மணிக்குப் பதிப்பாளர் அம்மா ஷட்டருக்குக் குனிந்து உள்ளே வந்தார். ஒல்லியாக, தோளில் பெரிய பையோடு, வெயிலில் வாடிப்போன முகம். யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

“முடிஞ்சுதா சார்?”

தையல்காரர் பெடலை நிறுத்தவில்லை. “முடியலம்மா. கடைசி அத்தியாயம் பாதியில நிக்குது.”

பதிப்பாளர் அம்மா மஞ்சள் துணியைப் பார்த்தார், சிறுமியைப் பார்த்தார். “இதுக்காகவா?”

“ஆமாம்மா. தப்பு என்மேலதான். இதை எப்பவோ தைச்சிருக்கணும்.”

அந்த அம்மா பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “நான் வேற புத்தகத்தை அனுப்பித்தான் ஆகணும் சார். எனக்கு வேற வழியில்ல.”

“தெரியும்மா.”

“அடுத்த வருஷம் நான் பதிப்பகம் நடத்துனா கூப்பிடுறேன். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.” மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த அம்மா போய்விட்டார். தையல்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கழுத்துப் பட்டி கோணிவிடும்.

பன்னிரண்டேகாலுக்குக் கவுன் முடிந்தது. சிறுமி தடுப்புத் துணிக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். தோள் இம்மிகூடப் பிசகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். “இது ரெண்டு வசனத்துக்கு ரொம்ப ஜாஸ்தி அங்கிள்” என்று சொல்லிவிட்டு, அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கடையில் திடீரென்று சத்தமே இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பத்து வாரம் போயிற்று, புத்தகம் போயிற்று. அழுகை வந்தது, ஒளித்துக்கொள்ளாமல் அழுதார். பிள்ளை முகம் சந்தோஷமாக இருந்தது, அது நல்லதுதான், ஆனாலும் வயிறு எரிந்தது. இப்படி எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

மனைவி பின்கட்டில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பேசினார். வந்து, போனை அவர் கையில் கொடுத்தார். “நம்ம பொண்ணு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாவல் எதைப் பத்தின்னும் சொல்லிட்டேன்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார். “என்னம்மா?”

“அந்தப் பாப்பா போயிடுச்சாப்பா, கவுன் போட்டுக்கிட்டு?”

“போயிடுச்சும்மா. இந்நேரம் ஸ்கூலுக்குப் போயிருக்கும்.”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு.”

ஆஸ்பத்திரியில் யாரையோ கூப்பிடுகிற ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

“எவ்வளவு நேரம்பா ஆச்சு, அதைத் தைக்க?”

“மூணு மணி நேரம்.”

“மூணு மணி நேரம்தானா?” என்றாள் மகள். அவள் குரல் ஒன்பது வயசுக் குரலாகப் போய்விட்டது. “வெறும் மூணு மணி நேரமாப்பா?”

அவருக்கு எத்தனையோ காரணம் வாய்வரை வந்தது. அந்த வருஷம் ஆர்டர் அதிகம், மிஷின் ரிப்பேர், உடம்பு சரியில்லை. எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது.

“ஆமாம்மா” என்றார். “மூணே மணி நேரம்தான்.”

அந்தப் பக்கம் மகள் அழ ஆரம்பித்தாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரை கேட்டுக்கொண்டே நின்றார்.